ஜன்னல் திரைக்கு லைனிங்: எந்த அறைக்கு எது, எவ்வளவு, எங்கே பிசகும்?

கடையில் போய் "லைனிங் துணி வேண்டும்" என்றால் முதலில் வரும் கேள்வி "பெட்ரூமுக்கா, ஹாலுக்கா?" என்பதுதான். அதைவிட முக்கியமான இரண்டு கேள்விகளை யாரும் கேட்பதில்லை. ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது? திரையை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை துவைப்பீர்கள்? கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்து கிளைப்பவையே. அறையைப் பார்க்கும் துணியை மேல்துணி என்றும், கண்ணாடியைப் பார்க்கும் துணியை லைனிங் என்றும் சொல்கிறோம். அளவுகளெல்லாம் தையல்காரர்கள் எடுப்பதுபோல இன்ச் கணக்கில்.

லைனிங் இல்லாமலே திரை நன்றாகத்தானே தொங்குகிறது, எதற்கு இன்னொரு துணி?

வெயில் படாத ஜன்னலுக்குத் தேவையில்லைதான். வெயில் படும் ஜன்னலில் கதை வேறு. திரை விரிந்திருந்தாலும் ஒதுக்கியிருந்தாலும் கண்ணாடிப் பக்கம் துருத்தி நிற்கும் மடிப்புகள் எப்போதும் அதேதான். அந்த மடிப்புகளில் மட்டும் சாயம் வெளுத்து, நெடுக்கே கோடு கோடாக விழும். பருத்தியும் பட்டும் வெளுப்பதோடு நிற்காது, நூல் இற்றுப்போய், துவைக்கும்போது மடிப்போடு கிழியும். லைனிங் அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. மேல்துணியை மாற்றுவதைவிட லைனிங்கை மாற்றுவது மலிவு.

வெளிச்சத்தைக் குறைப்பது இரண்டாவது வேலை. மூன்றாவது, திரை விழும் அழகு. மெல்லிய துணிக்குப் பின்னால் ஒரு லைனிங் வந்தால் மடிப்புகள் உருண்டு, கீழ்வரை ஒரே சீராக இறங்கும்.

என்னென்ன வகை லைனிங் கிடைக்கிறது?

முதலாவது சாதா லைனிங். பருத்தி அல்லது பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த, நெருக்கமாக நெய்த வெள்ளை, கிரீம் நிறத் துணி. வெளிச்சத்தை மட்டுப்படுத்தும், அடைக்காது. துவைக்கலாம், இஸ்திரி போடலாம், பத்து தடவை பிரித்துத் தைத்தாலும் ஊசி ஓட்டை தெரியாது.

இரண்டாவது நெசவிலேயே இருட்டு தருவது. பாலியெஸ்டர் நூலில் மூன்று அடுக்காக நெய்து, நடு அடுக்கில் கறுப்பு நூலை ஓட்டியிருப்பார்கள். கடைகளில் பிளாக்அவுட் என்று விற்கும் வழவழப்பான துணிகளில் பெரும்பாலானவை இவைதான். பூச்சு இல்லாததால் உரியாது, மெஷினில் போடலாம். ஆனால் நேர் வெயிலில் கொஞ்சம் கசியும்.

மூன்றாவது பூச்சு போட்ட பிளாக்அவுட். துணியின் பின்பக்கம் அக்ரிலிக் நுரையைப் பல அடுக்காகத் தடவியிருப்பார்கள். டூ பாஸ் என்றால் ஒரு கறுப்பு அடுக்கும் அதன்மேல் ஒரு வெள்ளை அடுக்கும். துணிப்பக்கம் பார்த்தால் அந்தக் கறுப்பு லேசாகச் சாம்பல் நிறமாகத் தெரியும். த்ரீ பாஸ் என்றால் வெள்ளை, கறுப்பு, வெள்ளை. கறுப்பு நடுவில் மாட்டிக்கொள்வதால் இரண்டு பக்கமும் வெளிர் நிறம். மேல்துணி வெள்ளை, இளமஞ்சள் போன்ற வெளிர் நிறமாக இருந்தால் த்ரீ பாஸ்தான் வாங்க வேண்டும். டூ பாஸ் போட்டால் புதுத் திரையே அழுக்கேறியதுபோல மங்கித் தெரியும்.

இவை போக, மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே வைக்கும் ஃபிளானல் போன்ற தடித்த துணி ஒன்று உண்டு. குளிர் ஊர்களுக்கு உகந்தது. சென்னையிலும் மதுரையிலும் அது வீண் சுமை.

பிளாக்அவுட் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பிறகு ஏன் வெளிச்சம் வருகிறது?

பெரும்பாலும் துணி வழியாக வருவதில்லை, துணியைச் சுற்றி வருகிறது. ராடு ஜன்னல் சட்டத்தின் அகலத்துக்கே இருந்தால் இரு பக்கமும் வெளிச்சக் கோடு விழும். சட்டத்தைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் 6 முதல் 8 இன்ச், மேலே 6 இன்ச் ராடு இருக்க வேண்டும். அப்படியும் ஐலெட் திரையில் (மேல் பட்டியில் வளையங்கள் பதித்து, அவற்றின் வழியே ராடைக் கோர்க்கும் வகை) வளையங்களுக்கு இடையே மேல்பக்கம் கசியும். முழு இருட்டு வேண்டுமென்றால் மேலே ராடை மூடும் பெல்மெட் பெட்டி வைக்க வேண்டும், அல்லது இரு முனையிலும் சுவரை நோக்கி வளையும் ராடு போட்டுத் திரையின் ஓரத்தைச் சுவரோடு சேர்க்க வேண்டும். செலவில்லாத வழி: திரையின் வெளி ஓரத்தில் இரண்டு, மூன்று இடத்தில் வெல்க்ரோ தைத்து, அதன் ஜோடியைச் சுவரில் ஒட்டுவது.

அடுத்தது ஊசி ஓட்டை. பூச்சுத் துணியில் விழுந்த ஓட்டை மூடிக்கொள்ளாது. தைத்துப் பிரித்து மறுபடி தைத்த இடம், காலை வெயிலில் நட்சத்திரம் பூத்ததுபோல இருக்கும். இணைப்புத் தையல் திரையின் நடுவில் வராமல் வெளி ஓரத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள்.

மூன்றாவது காரணம், வாங்கியது பிளாக்அவுட்டே அல்ல. அறையை மங்கலாக்கும் டிம்அவுட் துணியையும் அதே பெயரில் விற்கிறார்கள். கடையில் செல்போன் டார்ச்சைத் துணியின் பின்னால் ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். பூச்சுத் துணி சரியானதாக இருந்தால் ஒன்றுமே தெரியாது. நெசவு பிளாக்அவுட்டில் மெல்லிய பழுப்பு வட்டம் தெரிந்தால் சரி. விளக்கின் வடிவமே தெரிந்தால் அது டிம்அவுட்.

எந்தத் திசை ஜன்னலுக்கு எது சரி?

மேற்கு ஜன்னலிலிருந்து ஆரம்பிப்போம், அதுதான் வீட்டைச் சுடுவது. மாலை வெயில் தாழ்வாக வருவதால் சன்ஷேட் உதவாது. 2 அடி சன்ஷேட் இருந்தாலும் மே மாதம் மாலை நாலரை மணிக்கு அது ஜன்னலின் மேல் ஓரடியைத்தான் மறைக்கும். மீதி முழுக்க உள்ளே. மேற்கு ஜன்னலுக்கு, அது எந்த அறையாக இருந்தாலும், வெள்ளை முதுகுள்ள பூச்சு லைனிங்தான் எங்கள் தேர்வு. ஹாலாக இருக்கிறதே, இருட்டாகிவிடுமே என்றால், மாலை 3 மணி முதல் 6 மணி வரை மட்டும் இழுத்துவிடும்படி தனி ராடில் போடுங்கள்.

கிழக்கு ஜன்னலிலும் வெயில் தாழ்வாகத்தான் வரும், ஆனால் காலையில் வீடு இன்னும் சூடேறியிருக்காது. எழுந்திருக்கும் நேரத்தைப் பொறுத்து முடிவு செய்யலாம். ஐந்தரைக்கு எழுகிறவர் வீட்டில் சாதா லைனிங் போதும். இரவு ஷிப்ட் முடித்து விடியற்காலையில் படுக்கிறவருக்கு நெசவு பிளாக்அவுட்டாவது வேண்டும்.

தெற்கு ஜன்னலைப் பற்றித்தான் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் தலைக்கு நேர்மேலிருந்து வடக்கே சாய்ந்திருக்கும். கத்திரி வெயிலில் தெற்கு ஜன்னலுக்குள் நேர் வெயில் விழுவதே இல்லை. அது விழுவது ஐப்பசி முதல் மாசி வரை. டிசம்பர் நண்பகலில் சூரியன் சுமார் 53 பாகை உயரத்தில் நிற்கும், 2 அடி சன்ஷேட் ஜன்னலின் மேல் இரண்டரை அடிக்குமேல் மறைத்துவிடும். ஆக தெற்கு ஜன்னலுக்கு, சாயம் வெளுக்காமல் இருக்க ஒரு சாதா லைனிங் போதும். பிளாக்அவுட்டுக்குக் கொடுக்கும் பணத்தை மேற்கு ஜன்னலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்பார்கள். மே முதல் ஜூலை வரை சூரியன் மேற்கிலிருந்து சுமார் 24 பாகை வரை வடக்கே தள்ளி மறைகிறது. அந்த மாதங்களில் மாலையில் சாய்வாக ஒரு கீற்று வரும். அதற்காக லைனிங் போட வேண்டிய அவசியமில்லை. பட்டுத் திரையாக இருந்தால் மட்டும் போடுங்கள்.

படுக்கையறைக்கு பிளாக்அவுட் கட்டாயமா?

இல்லை. தெருவிளக்கு நேராக அடிக்கும் ஜன்னல், விடிந்தபிறகும் தூங்குபவரின் கிழக்கு ஜன்னல், மேற்கு ஜன்னல், பகலில் தூங்குபவர் இருக்கும் வீடு, இவற்றுக்கு வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கும் ஜன்னலுக்கு அந்தரங்கம்தான் தேவை. அதற்கு அடர்த்தியான மேல்துணியும் சாதா லைனிங்கும் போதும். இரவில் அறை விளக்கைப் போட்டுவிட்டு வெளியே நின்று பாருங்கள், நிழலுருவம் தெரியாவிட்டால் சரி.

ஹாலுக்கு?

ஹால் திரை பெரும்பாலும் ஒதுக்கியே கிடக்கும், அதனால் அடர்த்தியைவிட விழும் அழகும் துவைக்கும் வசதியும்தான் முக்கியம். சாதா லைனிங், முடிந்தால் மேல்துணியின் அதே பன்னாவில் (பன்னா என்பது கடையில் வரும் துணியின் அகலம்). டிவியில் ஜன்னல் பிரதிபலிக்கிறது என்றால், அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் டிம்அவுட். வீடு முழுவதும் ஒரே லைனிங் போடுவது கடைக்காரருக்கு வசதி, உங்களுக்கு அல்ல. வெளியிலிருந்து பார்க்க எல்லா ஜன்னலும் ஒன்றுபோல இருக்க வேண்டுமென்றால் லைனிங்கின் நிறத்தை மட்டும் ஒன்றாக வையுங்கள்.

சமையலறை, குளியலறை, பூஜை அறை?

மூன்றுக்கும் லைனிங் வேண்டாம். சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு இரண்டு துணிக்கும் நடுவில் போய் உட்காரும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டும் துணி, அடுப்புக்கும் குத்துவிளக்குக்கும் பக்கத்தில் அது இருக்கவே கூடாது. குளியலறையில் லைனிங் காயாது.

லைனிங் போட்டால் ஏசிக்கு ஆகும் கரண்ட் குறையுமா?

குறையும், ஆனால் திரையால் முடிவது ஒரு வரம்புக்குள்தான். அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்குப்படி, நடுத்தர நிறத் திரைக்கு வெள்ளை பிளாஸ்டிக் முதுகு இருந்தால் ஜன்னல் வழி வரும் வெப்பம் 33 சதவீதம் வரை குறையலாம். இங்கே வேலை செய்வது வெள்ளை நிறம். வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தபின், வெளிச்சமாகவே திருப்பி அனுப்பப்பட்டால் கண்ணாடி வழியே வெளியேறும். கறுப்புத் துணி அதை உறிஞ்சிச் சூடாகி, அறைக்குள் அடுப்பு வைத்ததுபோல ஆகும். ஆகவே கண்ணாடிப் பக்கம் எப்போதும் வெள்ளை அல்லது கிரீம். நெசவு பிளாக்அவுட்டில் அடர்நீலம், காப்பி நிறம் என்று வாங்கி அதையே ஒற்றைத் திரையாகத் தொங்கவிடுபவர்கள் இருட்டைப் பெறுகிறார்கள், குளிர்ச்சியை அல்ல.

திரையின் அடிப்பகுதி தரையிலிருந்து அரை இன்ச்சுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இடைவெளி விட்டால் சூடான காற்று மேலே கிளம்ப, கீழிருந்து ஏசிக் காற்று உள்ளே போய், ஒரு சுழற்சி ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொன்று: சாயக் கண்ணாடி ஜன்னலில் திரையைக் கண்ணாடியோடு ஒட்டவிடாதீர்கள். வெப்பம் தேங்கி, ஓரம் குளிராகவும் நடு சூடாகவும் இருந்து கண்ணாடி விரிசல் விடலாம். குறைந்தது 2 இன்ச் இடைவெளி.

இதற்கெல்லாம் மேலே, வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவதுதான் சிறந்தது. பால்கனியில் ஒரு மூங்கில் தட்டி தொங்கினால், உள்ளே சாதா லைனிங்கே போதும் என்றாகிவிடும்.

ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று வராதே?

வராது. ஏசி இல்லாத அறையில், மாலைக் கடற்காற்றுக்காகத் திறக்கும் ஜன்னலில் பூச்சு லைனிங் போட்டால் பாய்மரம்போல உப்பி அறைக்குள் அடிக்கும், ஒதுக்கினால் வெயில். அந்த ஜன்னலுக்கு மெல்லிய பருத்தி மேல்துணியும் வெளியே தட்டியும்தான் தீர்வு. லைனிங் வேண்டியே தீருமென்றால் கீழ் மடிப்புக்குள் எடைச் சங்கிலி ஓட்டச் சொல்லுங்கள். துவைக்கும்போது உருவி எடுக்கும்படி ஒரு முனையைத் தைக்காமல் விட வேண்டும்.

மேல்துணியோடு சேர்த்துத் தைப்பதா, தனியாகத் தொங்கவிடுவதா?

எங்கள் ஊர்த் தூசிக்கும் புழுக்கத்துக்கும் தனிதான் நல்லது என்பது எங்கள் தீர்மானம். சேர்த்துத் தைத்தால் துவைக்கும்போது இரண்டும் ஒன்றாக நனையும், ஒன்றாகக் காய வேண்டும். கார்த்திகை மழையில் அது இரண்டு நாளானாலும் காயாது. பூச்சு லைனிங்கோ அடிக்கடி நனைக்கவே கூடாத துணி. மேல்துணி அழுக்காகும் வேகமும் லைனிங் அழுக்காகும் வேகமும் வேறு வேறு.

தனியாகத் தொங்கவிட டபுள் ராடு பிராக்கெட் போதும். சுவரோரத்து ராடில் லைனிங், முன் ராடில் மேல்துணி. பின் ராடில் லைனிங்குக்கு அவ்வளவு மடிப்பு வேண்டாம், ஜன்னல் அகலத்தைப்போல 1.3 மடங்கு இருந்தாலே மூடும். பின் ராடில் ஏற்கெனவே வலைத் திரை இருந்தால்தான் சிக்கல். அப்போது லைனிங்கை மேல்துணியின் முதுகில் பிரஸ் பட்டனால் மாட்டலாம். ஐலெட் பட்டிக்குக் கீழே ஒரு நாடாவைத் தைத்து, வளையங்களின் இடைவெளி எவ்வளவோ அதே இடைவெளியில் பட்டன் வைத்தால் மடிப்பு கலையாது.

சேர்த்துத் தைக்க வேண்டியது பட்டு, ஜரிகைத் துணி, கனமான எம்பிராய்டரி ஆகியவை. அவற்றைத் தண்ணீரில் போடப்போவதில்லை, லைனிங்கின் தாங்கலும் அவற்றுக்கு வேண்டும்.

எத்தனை மீட்டர் வாங்க வேண்டும்? ஒரு கணக்கு போட்டுக் காட்ட முடியுமா?

5 அடி ஜன்னல், அதாவது 60 இன்ச். இரு பக்கமும் 8 இன்ச் சேர்த்தால் ராடு 76 இன்ச். சேர்த்துத் தைக்கும் ஐலெட் திரைக்கு இரண்டு மடங்கு துணி, 152 இன்ச். பன்னா 54 இன்ச் என்றால் 2.8 பன்னா வரும், 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத் திரைக்கு ஒன்றரைப் பன்னா, 81 இன்ச். அதில் இணைப்புக்கு 1 இன்ச், இரு ஓரமும் ஒன்றரை இன்ச்சாக இருமுறை மடிக்க 6 இன்ச் போக, முடிந்த அகலம் 74. இரண்டும் சேர்ந்து 148, ஏறக்குறைய இரண்டு மடங்கு.

உயரம், ஐலெட்டின் மேல் ஓரத்திலிருந்து 84 இன்ச் என்று வைப்போம். மேல் பட்டிக்கு 5, கீழே 4 இன்ச்சாக இருமுறை மடிக்க 8. மொத்தம் 97. மூன்று பன்னாவுக்கு 291 இன்ச், 7.4 மீட்டர். ஏழரை மீட்டர் வாங்குங்கள். பூப்போட்ட துணியில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பூவின் திரும்பல் அளவைக் கூட்ட வேண்டும். லைனிங்குக்கு அந்தத் தொல்லை இல்லை.

லைனிங் மேல்துணியைவிட 1 இன்ச் மேலேயே முடிய வேண்டும், 83. கீழ் மடிப்பு 2 இன்ச் இருமுறை, 4. மேலே பட்டிக்குள் செருக 1. மொத்தம் 88, மூன்றுக்கு 264 இன்ச், 6.7 மீட்டர். பருத்தி லைனிங் 5 சதவீதம் வரை சுருங்கும் என்று கணக்கில் வைத்து ஏழேகால் மீட்டர் வாங்கி, வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைக்க வேண்டும். பாலியெஸ்டர் என்றால் 7 மீட்டர் போதும்.

பன்னா வேறுபாட்டில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். மேல்துணி 54, லைனிங் 48 என்று வாங்கிவிட்டால் ஒன்றரைப் பன்னா 71 இன்ச்தான் வரும். தேவையோ ஓரம் மடிப்போடு 74. தையல்காரர் வேறு வழியில்லாமல் மேல்துணியை உள்ளே இழுத்துத் தைப்பார், திரையின் இரு ஓரமும் பின்னால் சுருளும். லைனிங்கின் பன்னாவைக் கேட்காமல் மீட்டர் சொல்லாதீர்கள்.

அதே ஜன்னலுக்குத் தனி ராடில் லைனிங் போட்டால் 54 இன்ச் பன்னாவில் இரண்டே போதும், 5 மீட்டரில் முடிந்துவிடும்.

தையல்காரரிடம் என்ன சொல்ல வேண்டும்?

வாயால் சொன்னால் மறந்துபோகும், சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

1. லைனிங்கை நனைத்தாயிற்றா இல்லையா என்பது. நனைக்காததாக இருந்தால் அவரையே நனைத்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள்.
2. இரண்டு துணியின் கீழ் மடிப்பையும் தனித்தனியாகத் தைக்க வேண்டும். கீழே ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது. ஒன்று சுருங்கினால் மற்றது பைபோலத் தொங்கும். பறக்காமல் இருக்க 2 இன்ச் நீள நூல் சங்கிலியால் இணைப்புத் தையல் உள்ள இடங்களில் மட்டும் கட்டினால் போதும்.
3. இரு ஓரத்திலும் மேல்துணி 1 இன்ச் பின்பக்கம் தெரிய வேண்டும், லைனிங் முன்னால் எட்டிப் பார்க்கக் கூடாது.
4. ஐலெட் பட்டிக்குள் லைனிங்கை இரட்டையாக மடிக்க வேண்டாம். மேல்துணி இரண்டு, கேன்வாஸ் ஒன்று, லைனிங் ஒன்று, அவ்வளவுதான். அதற்குமேல் தடித்தால் வளையத்தின் இரு பாதியும் சரியாகப் பூட்டாது, ஒரு மாதத்தில் கழன்று விழும்.
5. ஒவ்வொரு திரையிலும் வளையங்கள் இரட்டைப்படை எண்ணிக்கை. ஒற்றைப்படையானால் ஒரு ஓரம் சுவரைப் பார்க்கும், மறு ஓரம் அறையைப் பார்க்கும். மேலே சொன்ன 74 இன்ச் திரைக்கு 12 வளையம், ஓரத்திலிருந்து 2 இன்ச் விட்டு ஆரம்பித்தால் இடைவெளி கிட்டத்தட்ட 6.4 இன்ச்.
6. பூச்சுத் துணிக்கு 14-ஆம் எண் புது ஊசி, தையல் நீளம் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல். நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம்போல அந்த இடம் கிழியும். குண்டூசி குத்தாமல் கிளிப் போட வேண்டும். மெஷினின் பாதம் பூச்சில் ஒட்டி இழுத்தால் நடுவில் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுக்கலாம்.

கனமான பருத்தித் திரையாக இருந்தால் கீழ் மடிப்பைத் தற்காலிகமான குத்துத் தையலோடு நிறுத்தி, இரண்டு நாள் ராடில் தொங்கவிட்டு, இறங்குவது இறங்கியபின் தைப்பது உத்தமம். இதற்கு அவசரப்படுத்தாத தையல்காரர் கிடைக்க வேண்டும்.

பழைய பட்டுப்புடவையைத் திரையாக்கலாமா? லைனிங் எது?

ஆக்கலாம். 5.5 மீட்டர் புடவையில் 97 இன்ச் துண்டு இரண்டு வரும், அரை மீட்டருக்குமேல் மிஞ்சும். முந்தானையை எந்தப் பக்கம் வைப்பது என்று வெட்டுவதற்கு முன்னால் முடிவு செய்துகொள்ளுங்கள். பழைய மடிப்புகளில் பட்டு இற்றிருக்கும். ஜன்னல் கம்பிக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நூல் விலகிய கோடுகள் தெரியும், அவை இருந்தால் குஷன் உறை தைக்கலாமே தவிர திரை வேண்டாம்.

லைனிங் இங்கே கட்டாயம், அதுவும் பருத்தி. பாலியெஸ்டர் லைனிங்கில் உரசி பட்டு மேலே ஏறிக்கொள்ளும், புழுக்கமும் தங்கும். நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட லைனிங்கையே வைக்க வேண்டும், ஏனென்றால் இந்தத் திரை இனி டிரைகிளீனிங்குக்கு மட்டும்தான் போகும். ஜரிகை முந்தானை கனமானது, அது தரைப்பக்கம் வந்தால் அந்தத் துண்டு தானாகவே நேராக விழும். மேற்கு ஜன்னலுக்கு இதைப் போடாதீர்கள், எந்த லைனிங்கும் பட்டை முழுக்கக் காக்காது.

லைனிங் சேர்த்தபின் ராடு வளைகிறது, பிராக்கெட் பிடுங்கிக்கொள்கிறது. ஏன்?

எடை. மேலே சொன்ன ஜன்னலுக்கு 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) மேல்துணி ஏறக்குறைய 2 கிலோ. 250 ஜி.எஸ்.எம். பூச்சு லைனிங் இன்னும் 2 கிலோவுக்குமேல். குழந்தை பிடித்து இழுப்பதை இதில் சேர்க்கவில்லை. 25 மில்லிமீட்டர் ராடுக்கு 5 அடிக்கு மேல் போனால் நடுவில் ஒரு பிராக்கெட் வேண்டும். இரண்டு திரையும் நடுவில் பிரிவதால் அது தடையாகாது. ஹாலோ பிளாக் சுவரில் சாதா பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, உள்ளே விரியும் வகை பிளக் போடச் சொல்லுங்கள். சிமென்ட் பூச்சில் மட்டும் நிற்கும் ஸ்க்ரூ, பூச்சோடு சேர்ந்து வரும்.

எப்படித் துவைப்பது?

சாதா லைனிங்கும் நெசவு பிளாக்அவுட்டும் குளிர்ந்த தண்ணீரில், மெஷினின் மென் சுழற்சியில் போகலாம். பூச்சு லைனிங்கை மாதம் ஒருமுறை உலர்ந்த பிரஷ் அல்லது வேக்குவம் கிளீனரால் தூசி தட்டினாலே வருடம் ஓடும். கறை பட்டால் ஈரத்துணியில் சோப்புத் தண்ணீர் தொட்டு ஒற்றி எடுங்கள். முழுதாக நனைக்கத்தான் வேண்டுமென்றால் வாளியில் அமுக்கி எடுத்து, பிழியாமல், மடிக்காமல் அப்படியே கொடியில் போடுங்கள், பூச்சு கொடிக்கம்பியில் படாமல் துணிப்பக்கம் உள்ளே இருக்கட்டும். பிளீச் கூடாது. மெஷினில் ஸ்பின் போட்டால் பூச்சு நொறுங்கி, வெள்ளைப் பொடியாக உதிரும். இஸ்திரி துணிப்பக்கம் மட்டும், குறைந்த சூட்டில்.

லைனிங்கில் கறுப்புப் புள்ளிகள் வருகின்றன. பூச்சு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது.

புள்ளிகள் பூஞ்சணம். கண்ணாடியில் கோர்க்கும் ஈரமும் மழைச்சாரலும் பருத்தி லைனிங்கின் அடிப்பகுதியில் தங்கி வருவது. ஆரம்பத்திலேயே வெயிலில் போட்டுத் தட்டிவிட்டு, சோப்பில் துவைத்தால் குறையும். ஊறிப்போனது போகாது. கடலோர வீடுகளில் சாரல் அடிக்கும் ஜன்னலுக்குப் பருத்தியைத் தவிர்த்து நெசவு பாலியெஸ்டர் போடுங்கள்.

ஒட்டிக்கொள்வது, பூச்சுத் துணியைப் பரணில் மடித்து வைத்ததால். வெயில்காலச் சூட்டில் பூச்சும் பூச்சும் ஒட்டி, பிரிக்கும்போது தோல் உரிவதுபோல வரும். குழாய் அட்டையில் பூச்சு வெளிப்பக்கம் இருக்கச் சுருட்டி, நடுவில் பழைய வேட்டித் துணி வைத்து எடுத்து வையுங்கள். புதிதாக வாங்கும்போதே கடுமையான பிளாஸ்டிக் வாடை அடித்தாலோ, நகத்தால் சுரண்டினால் பூச்சு வந்தாலோ வாங்க வேண்டாம்.

ஊட்டி, கொடைக்கானல் வீட்டுக்கு?

அங்கே கணக்கு தலைகீழ். தடுக்க வேண்டியது உள்ளிருந்து போகும் சூட்டை. மேல்துணி, நடுவில் ஃபிளானல், பின்னால் சாதா லைனிங், மூன்றும் சேர்த்துத் தைத்தது, தரையைத் தொடும்படி. பகலில் வெயில் உள்ளே வரத் திறந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் மூட வேண்டும். காலையில் கண்ணாடி வியர்த்திருக்கும், துடைத்துவிட்டுத் திரையை ஒதுக்குங்கள். டொராண்டோ, லண்டனில் ஜன்னலுக்குக் கீழே ஹீட்டர் இருக்கும் வீடுகளில் மட்டும் திரை ஜன்னல் திண்டோடு முடிய வேண்டும், இல்லாவிட்டால் சூடு முழுக்கத் திரைக்குப் பின்னாலேயே நின்றுவிடும்.

சாலைச் சத்தத்தை லைனிங் தடுக்குமா?

அறைக்குள் எதிரொலி குறையும். பேருந்து ஹாரன் அப்படியேதான் கேட்கும். அதற்கு ஜன்னல் சட்டத்தின் இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடைப்பதே வழி.

எப்போது லைனிங்கை மாற்ற வேண்டும்?

வெயில் அதிகம் படும் மடிப்பில், கீழிருந்து 3 அடி உயரத்தில், இரண்டு கையாலும் துணியைப் பிடித்துக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். சரசரவென்று நூல் அறும் சத்தம் வந்தால் பருத்தி லைனிங் முடிந்தது. பூச்சு லைனிங்கில் மடிப்புக் கோடுகள் வெடித்து வெளிச்சம் தெரியும், அல்லது தரையில் பொடி விழும். மேற்கு ஜன்னலில்தான் இது முதலில் நடக்கும். அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், மற்ற ஜன்னல்களின் லைனிங்கைச் சேர்த்துக் கழற்ற வேண்டியதில்லை. பழைய அளவுச் சீட்டை வைத்திருந்தால் தையல்காரர் மறுபடி வீட்டுக்கு வரவும் வேண்டாம்.